வேளைக்காரரா, வேலைக்காரரா? – ஒரு படைச் சொல்லின் பொருள்

சொல் ஒன்று நாள்தோறும் நம் நாவிற் புரளுகின்றது என்பதனாலேயே அதன் பொருள் நமக்குத் தெரிந்துவிட்டதாகக் கொள்வதற்கில்லை. அறியாத சொல்லைக் கண்டால் அகராதியைத் தேடுகின்றோம். அறிந்ததுபோல் தோன்றும் சொல்லையோ ஐயுறாமல் விழுங்கிவிடுகின்றோம். அப்படி விழுங்கப்பட்டுவரும் பழைய படைச் சொல் ஒன்றை இங்கே சிறிது ஆராய விரும்புகின்றேன்.

தைப்பூசத்தையொட்டிப் பினாங்குத் தண்ணீர்மலை அடிவாரத்தில் அன்பர்கள் குழுக்குழுவாகக் கூடித் திருப்புகழும் திருவகுப்பும் பாடுவதை நேயர்கள் அறிவர். அத்தகைய குழுவொன்றில் வழங்கப்பட்ட பாட்டுத் தாள் ஒன்று என் கைக்கு வந்தது. அருணகிரிநாதர் இயற்றிய திருவேளைக்காரன் வகுப்பு அதில் அச்சிடப்பட்டிருந்தது. ஆனால் தலைப்பிலும் பாட்டின் முடிவிலும் ‘திருவேலைக்காரன்’ என்றே காணப்பட்டது. ளகரம் நிற்கவேண்டிய இடத்தில் லகரம் ஏறி உட்கார்ந்திருந்தது.

இதனை எடுத்துக்காட்டியபோது அங்கிருந்தவரிடையே மூன்று கருத்துகள் எழுந்தன. ஒருவர், “அச்சுப்பிழை, அதற்கு மேல் ஒன்றுமில்லை” என்றார். தமிழ் இலக்கணம் கற்ற மற்றொருவர், “பிழையன்று, வேலை உடையவன் ஆதலின் முருகன் வேலைக்காரன், வேல், ஐ, காரன் என்று பிரித்துக்கொள்க” என்றார். நாற்பதாண்டு பால்மரம் வெட்டிக் கைகாய்த்த முதியவர் ஒருவர் என்னை நோக்கி, “தம்பி, வேலைக்காரன்னே இருந்துட்டுப் போகட்டுமே. சாமியும் நம்மளப்போல ஒரு வேலைக்காரன்னு சொன்னா அதுல என்ன கொறைச்சல்?” என்றார்.

முதல் இருவருக்கும் விடை கூறுதல் எளிது. மூன்றாமவரின் வினாவே என்னைப் பல நாள் உறங்கவொட்டாமற் செய்தது. அவருடைய வினாவில் எழுத்து மட்டும் இல்லை, வாழ்வும் இருந்தது. ஆகவே முதலில் சொல்லின் பொருளைத் துணிந்து, பின்னர் அப்பெரியவரின் வினாவுக்கு வருவோம்.

இலக்கணம் கற்ற நண்பரின் பிரிப்பை முதலில் பார்ப்போம். ‘காரன்’ என்னும் இறுதி பெயர்ச்சொல்லோடு நேரே சேருமேயன்றி இரண்டாம் வேற்றுமை உருபை இடையில் ஏற்பதில்லை. வண்டியை ஓட்டுபவன் வண்டிக்காரன். அவனை ‘வண்டியைக்காரன்’ என்பார் யாருமில்லை. தோட்டத்துக்கு உரியவன் தோட்டக்காரன், ‘தோட்டத்தைக்காரன்’ அல்லன். அவ்வாறே வேலுடையவனைக் குறிக்க வேண்டின் வேல்காரன் என்று ஆகுமேயன்றி வேலைக்காரன் என்று ஆகாது. காதுக்கு இனிதாயிருக்கும் விளக்கம் கருத்துக்கும் உண்மையாயிருக்கும் என்று நம்புவது புலவர்களுக்கும் உள்ள குறையே.

இக்குறை நமக்கு மட்டும் உரியதன்று. ஆங்கிலப் பள்ளியில் ஐரோப்பியப் போர்களைப் படித்தபோது ‘ஹுஸார்’ என்ற குதிரைப்படைப் பெயரை அடிக்கடி கண்டிருக்கிறேன். அது ஹங்கேரி நாட்டுச் சொல். அம்மொழியில் ‘ஹுஸார்’ என்றே வழங்குகிறது. அம்மொழியில் ‘ஹூஸ்’ என்றால் இருபது. ஆகவே இருபது குடிக்கு ஒரு குதிரைவீரன் என்று அரசன் திரட்டிய படைக்கே அப்பெயர் வந்ததென்று ஒரு கதை நெடுங்காலம் வழங்கிற்று. கேட்பதற்கு எவ்வளவு பொருத்தம்! ஆயினும் சொல்லாராய்ச்சியாளர் அதனை ஒப்பவில்லை. தெற்கிலுள்ள செர்பிய, குரோவேசிய மக்களின் மொழியில் கொள்ளைக்காரனைக் குறித்த ‘குஸார்’, ‘ஹுஸார்’ என்ற சொல்லிலிருந்தே அது வந்தது என்றும், அச்சொல்லுக்கும் மூலம் கடற்கொள்ளைக்காரனைக் குறித்த பிற்கால லத்தீன் சொல் என்றும் அவர்கள் காட்டினர். 1458 முதல் 1490 வரை ஆண்ட மத்தியாஸ் அரசன் காலத்தில் எல்லைப்புறத்துத் திடீர்த் தாக்குதலுக்குப் பயன்பட்ட விரைந்த குதிரைவீரர்கள், பின்னர் ஐரோப்பா முழுதும் பொன்னிழை உடுத்த பெருமைப் படையாயினர். கொள்ளைக்காரன் என்ற மூலத்தை மறந்து இருபது என்ற எண்ணைப் பிடித்துக்கொள்வது பெருமைக்கு உதவிற்று, உண்மைக்கு உதவவில்லை.

ஹங்கேரி மொழி நமக்கு முற்றிலும் அயலானது என்றும் எண்ண வேண்டா. அந்நாட்டில் ‘கோச்’ என்னும் சிற்றூரில் செய்யப்பட்ட வண்டிக்கு ஏற்பட்ட பெயரே ஆங்கிலம் வழியாக நம்மிடம் கோச்சு வண்டியாக வந்தது. கோச்சுவான் என்று வண்டியோட்டியை அழைத்த நம் பாட்டன்மார், கண்டறியாத ஊரொன்றின் பெயரை அறியாமலே சொல்லி வந்தனர். சொற்கள் கடப்புச்சீட்டு இல்லாமல் கடல் கடப்பன. வந்து சேர்ந்த இடத்தில் அவற்றின் பிறப்பை யாரும் விசாரிப்பதில்லை.

ஆகவே ஐயத்துக்குரிய சொல்லைத் துணிவதற்கு மூன்று சோதனைகள் வேண்டும். முதலாவது எழுத்து: மிகப் பழைய சான்றில் அது எவ்வாறு எழுதப்பட்டுள்ளது? இரண்டாவது இடம்: அச்சொல் வருமிடத்தில் அதற்குரியவர் என்ன செய்கின்றனர்? மூன்றாவது இனம்: அண்டைமொழிகளில் அதன் உடன்பிறப்புகள் உண்டா? இம்மூன்றும் ஒருமுகமாகச் சொல்வதையே பொருளாகக் கொள்ளலாம்.

எழுத்தை நோக்குவோம். தஞ்சைப் பெரிய கோயிலை எடுப்பித்த முதலாம் இராசராசன் 985 முதல் 1014 வரை ஆண்டவன். அக்கோயிற் கல்வெட்டுகளில் அவனுடைய படைப்பிரிவுகள் பல பெயர்பெயராகக் கூறப்படுகின்றன. அவற்றுள் இராசராசத் தெரிந்த வலங்கை வேளைக்காரப் படைகள், அழகியசோழத் தெரிந்த வலங்கை வேளைக்காரப் படைகள், க்ஷத்திரியசிகாமணித் தெரிந்த வலங்கை வேளைக்காரப் படைகள் என்பன சில. எங்கும் ளகரமே. தொழிலைக் குறிக்கும் ‘வேலை’ இதுவன்று என்பதற்கு இவ்வொரு சான்றே போதும். ஆராய்ச்சியாளருள்ளும் சிலர் இப்படையை வேலையோடு தொடர்புபடுத்தித் தொழிலாளர் வகுப்பிலிருந்து எழுந்த படை என்று கருதியதுண்டு. ஆங்கில எழுத்தில் எழுதினால் லகரமும் ளகரமும் ஒன்றாகிவிடும். நம்முடைய சொல்லை அயலெழுத்தில் படித்து மயங்கும் ஆபத்து, ஆங்கிலப் பள்ளியில் பயின்ற என்னைப் போன்றவர்க்குப் பெரிதும் உண்டு.

அடுத்து இடம். ‘வேளை’ என்றால் பொழுது. ஆகவே போர் மூளும் வேளையில் மட்டும் வந்து சேர்ந்து, முடிந்ததும் வீடு திரும்பும் தற்காலத் தொண்டர் படையே வேளைக்காரர் என்று வேறு சிலர் கொண்டனர். கல்வெட்டு இதற்கும் இடந்தரவில்லை. ‘தெரிந்த’ என்றால் தேர்ந்தெடுக்கப்பட்ட என்று பொருள். அரசனுடைய பட்டப்பெயர்களைத் தாங்கிய தனித்தனிப் பிரிவுகள் அவை. அக்காலத்துப் படைப்பிரிவுகள் கோயிலின் சிறு சந்நிதிகளைப் பேணும் பொறுப்பை ஏற்றன; கோயிற் பணத்தை வாங்கி ஆண்டுதோறும் வட்டி செலுத்தவும் உடன்பட்டன. இன்று கூடி நாளை கலையும் கூட்டத்தாரிடம் எந்தக் கோயிலும் முதலை ஒப்படைக்காது. ஆகவே இவர்கள் நிலைத்த படையினர். வரலாற்றாசிரியர் நீலகண்ட சாத்திரியாரும், வேளை வாய்க்கும்போது அரசனுக்காக உயிர் கொடுக்க எப்போதும் ஆயத்தமாயிருந்த நம்பிக்கைக்குரிய நிலைப்படையினர் என்றே இவர்களைக் கொண்டார்.

மூன்றாவது இனம். கன்னடக் கல்வெட்டுகளில் ‘வேளெவாளி’ என்றொரு சொல் உண்டு. தலைவனோடு உயிர் விடுவதாக ஒருவன் செய்துகொண்ட உறுதியை அது குறிக்கும். அவ்வுறுதி பூண்டவன் ‘வேளெவடிச’ எனப்பட்டான். அதன் பக்கத்திலே ‘ஜோளவாளி’ என்றொரு சொல்லும் வரும். உண்ட சோளத்துக்குச் செய்யும் கடன் என்பது அதன் கருத்து. நம்முடைய செஞ்சோற்றுக் கடன் அங்கே சோளக் கடனாக நிற்கின்றது. இவற்றால் ‘வேளை’ என்பது வெறும் பொழுதன்று, வாக்குக் கொடுக்கப்பட்ட பொழுது என்பது விளங்கும். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் அகராதியும், குறித்த வேளையில் தாம் மேற்கொண்ட பணியைச் செய்வதற்கும், தவறினால் உயிர் விடுவதற்கும் உடன்பட்ட பணியாளர் என்றே பொருள் கூறுகின்றது. மூன்று சோதனையும் ஒருமுகமாயின. வேளைக்காரர் என்பார், சொன்ன வேளைக்குச் சொன்னபடி நிற்பதாக உறுதி பூண்ட படைவீரர்.

இனி இச்சொல்லை நம் காலத்து மக்களிடம் பரப்பியவர் கல்கி என்பதை மறக்கலாகாது. 1950 முதல் 1954 வரை தொடர்கதையாக வெளிவந்த ‘பொன்னியின் செல்வ’னில் அரசன் உயிரைக் காக்கச் சூளுரைத்த மெய்காப்பாளராக இவர்கள் வருகின்றனர். அங்கே சொல் ‘வேளக்காரப் படை’ என்று ஐகாரம் குறுகி நிற்கும். கல்வெட்டுப் புத்தகங்களுக்குள் புழுங்கிக் கிடந்த சொல்லைத் தோட்டத்து வாசகசாலை வரை கொண்டுவந்து சேர்த்த தொண்டு சிறிதன்று. அதற்காக நாம் நன்றி பாராட்டக் கடமைப்பட்டுள்ளோம். எனினும் ஒரு குறையையும் கூறவே வேண்டும். கதை நமக்குக் காட்டுவது வேளைக்காரரின் ஒரு முகத்தை மட்டுமே. சூளுரைத்துச் சாகும் முகம் அது. அதன்பின் வந்த மேடை நாடகங்களும் கதைகளும் அம்முகத்துக்கே மேன்மேலும் அரிதாரம் பூசின. தலையைக் கொடுத்தலே வீரம், அரசனுக்குப் பின் வாழாமையே கற்பு என்ற எண்ணம் வாசகர் உள்ளத்தில் வேரூன்றிவிட்டது.

இவ்வழக்கம் பொய்யென்று நான் கூற வரவில்லை. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, அரசன் உடலுக்குத் தீ மூட்டும்போது அவனுடைய நெருங்கிய வீரர்கள் அத்தீயிலேயே பாய்ந்து மாண்டதாக எழுதினார். ஹளேபீட்டில் ஹோய்சளேசுவரர் கோயிலின் அருகே ஒரு தூண் நிற்கிறது. 1220-ஐ ஒட்டி மாண்ட இரண்டாம் வல்லாளனுக்காக அவன் தளபதி குவர லட்சுமன் தன் துணைவியோடும் வீரர்களோடும் உயிர் விட்ட செய்தியை அது சொல்கிறது. வழக்கம் உண்மை, ஆனால் உண்மையாயிருந்ததெல்லாம் போற்றத்தக்கது ஆகிவிடுமா? கணவன் சிதையில் மனைவியை ஏற்றிய கொடுமையை 1829-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தபோது நம் சீர்திருத்தக்காரர் மகிழ்ந்தனர். மனைவி ஏறினால் கொடுமை, வீரன் பாய்ந்தால் பெருமை என்பது எந்த நியாயம்? எரிந்தது இருவர் உடலுமே. ஒருவன் இறந்ததற்காக மற்றொருவன் இறக்கவேண்டும் என்னும் கொள்கையில் இருவர் உயிரும் மூன்றாமவனின் உடைமையாகவே எண்ணப்பட்டது.

ஆனால் வேளைக்காரரின் வரலாறு சாவோடு முடிந்துவிடவில்லை. அவர்கள் தங்கள் வாயாலேயே பேசிய கல் ஒன்று இருக்கின்றது. இலங்கையில் பொலன்னறுவையில் உள்ளது அது. சமஸ்கிருதச் சுலோகத்தோடு தொடங்கித் தமிழில் எழுதப்பட்டது. முதலாம் விசயபாகு 1110-ஐ ஒட்டி இறந்தபின் பொறிக்கப்பட்டது. பரணவிதான முதலிய அறிஞர்கள் அதனைப் படித்து வெளியிட்டுள்ளனர். விசயபாகு கட்டுவித்த புத்தரின் தந்தக் கோயிலைக் காக்கும்படி பிக்குகளின் தலைவரும் அமைச்சரும் வேளைக்காரரை அழைத்துக் கேட்டனர். அவர்கள் உடனே தலையாட்டிவிடவில்லை. தங்கள் மூத்தோராகிய வலஞ்சியரையும் நகரத்தாரையும் கூட்டிப் பேசினர். பிறகு அக்கோயிலுக்கு ‘மூன்றுகைத் திருவேளைக்காரர் தளதாய்ப் பெரும்பள்ளி’ என்று தங்கள் பெயரையே இட்டு, அதன் ஊர்களையும் பணியாளரையும் பொருளையும், அங்கே அடைக்கலம் புகுந்தோரையும், தாங்கள் கெடினும் காப்பதாக உறுதி கூறினர். வலங்கையார், இடங்கையார், சிறுதனத்தார், பிள்ளைகள்தனத்தார், வடுகர், மலையாளர், பரிவாரக் கொந்தத்தார் ஆகிய எல்லோரும் அதில் அடங்குவர்.

இக்கல்லில் நான் கண்ட முதல் அற்புதம் ‘ஓம்’ என்னும் விகுதி. ‘திருவேளைக்காரரோம்’ என்று அவர்கள் பேசுகின்றனர். இன்னான் கட்டளையிட்டான், நாங்கள் பணிந்தோம் என்ற பேச்சில்லை. நாங்கள் கூடினோம், நாங்கள் உடன்பட்டோம் என்ற பேச்சு. வலங்கையும் இடங்கையும் ஊரில் ஒன்றையொன்று பகைத்த பிரிவுகள்; கடல் கடந்த மண்ணில் ஒரே ‘ஓம்’ என்பதற்குள் நிற்கின்றன. தமிழனும் வடுகனும் மலையாளியும் சேர்ந்து நின்று, தங்கள் சமயமல்லாத பௌத்தப் பள்ளியைக் காக்க வாக்களிக்கின்றனர். இரண்டாவது அற்புதம், அவர்கள் வேளை அரசனின் உயிருக்குக் கட்டுப்பட்டதாக இல்லை. அரசன் போனபின்னும் பள்ளி உண்டு, அடைக்கலம் புகுந்த ஏழை உண்டு, வாக்கு அவர்களுக்கே.

அவர்களை மாசற்ற தேவர்களாகக் காட்டவும் நான் விரும்பவில்லை. அதே விசயபாகு, சோழர்மேல் படையெடுக்கத் துறைமுகங்களுக்குச் சேனையை அனுப்பியபோது வேளைக்காரர் போக மறுத்துக் கலகம் விளைத்தனர் என்று சூளவம்சம் கூறுகின்றது. தளபதிகளைக் கொன்றனர், அரசன் தங்கையை மக்களோடு சிறைப்படுத்தினர், அரண்மனையைக் கொளுத்தினர். அரசன் திரும்பிவந்து வென்றபோது கலகத் தலைவர்களைக் கட்டிச் சுட்டெரித்தான். கூலிக்குப் படை வேலை செய்யப் புலம்பெயர்ந்தவர் தம் இனத்தார்மேல் வாளோங்க மறுத்தனர் என்பது ஒருபுறம். பெண்ணையும் பிள்ளையையும் பிடித்தனர் என்பது மறுபுறம். இரண்டும் அவர்கள் செயலே. இவற்றை அறிந்தபின் ‘தலைவனுக்காக வாய்பேசாது சாகும் அடிமை’ என்ற படத்தை இனியும் சுவரில் மாட்டி வைத்திருத்தல் கூடாது. வேளைக்காரர் உறுதி கொடுத்தனர். உறுதியை மறுக்கவும் செய்தனர். கொடுக்கவும் மறுக்கவும் வல்லவனது வாக்குக்கே வாக்கென்று பெயர்.

இனி அருணகிரியாரிடம் வருவோம். அவர் 15-ஆம் நூற்றாண்டினர். அவருடைய வகுப்பில் முருகன் அடிதோறும் பற்பல ‘காரன்’ என்று அடுக்கிச் சொல்லப்பட்டு, எல்லாவற்றுக்கும் முடிவாகத் திருவேளைக்காரன் என்று முடிக்கப்படுகிறான். ‘திரு’ என்னும் அடையோடு பொலன்னறுவை வீரர் தங்களைக் கூறிக்கொண்ட அதே பெயர்! இங்கே நேர்ந்திருக்கும் தலைகீழ் மாற்றத்தை நேயர்கள் கவனிக்க வேண்டும். பழைய முறையில் மேலிருப்பவன் அரசன். அவனுக்காக உரிய வேளையில் உயிர் கொடுப்பவன் கீழிருப்பவன். அருணகிரியார் ஏணியையே திருப்பி வைத்துவிட்டார். காக்கப்படுபவன் எளிய அன்பன். வாக்குக் கொடுத்து வேளை தவறாமல் வந்து நிற்க வேண்டியவன் ஆண்டவன். அரசர்க்கு உரியதாயிருந்த மெய்காப்பை ஏழைக்கு எடுத்துக் கொடுத்த செயல் இது. கடவுட் கொள்கையில் நம்மிடையே வேற்றுமை இருக்கலாம். ஆயினும் ஒரு சொல்லைக்கொண்டு உயர்வு தாழ்வைப் புரட்டிய கவித்திறனைப் பகுத்தறிவாளரும் பாராட்டாதிருக்க முடியாது. லகரத்தைப் போட்டு அச்சிட்டால் இவ்வளவும் ஒரு மையெழுத்தில் மறைந்துபோகிறது.

இது தமிழ்ப் புலவர்க்கு உரிய கவலை, தோட்டத்தானுக்கும் கிராணிக்கும் இதனால் என்ன என்று கேட்பார் உண்டு. நம் வாழ்வையே படைச்சொற்கள் சூழ்ந்திருந்தன என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். பினாங்கு நகரிலே சிப்பாய் லைன்ஸ் என்றொரு சாலை உண்டு. சிப்பாய் என்பது பாரசீகச் சொல். லைன்ஸ் என்பது கம்பெனிப் பட்டாளம் குடியிருந்த வரிசை வீடுகள். அதே ‘லைன்’தான் தோட்டத்தில் நம்மவர் குடியிருந்த லயமாயிற்று. இசையிலுள்ள லயமென்று எண்ணி யாரும் மகிழ்ந்துவிட வேண்டா. அது படைவீட்டு வரிசை. விடியுமுன் ஆளெண்ணிப் பேர் கூப்பிட்ட ‘பெரட்டு’ என்ற சொல்லிலும் பட்டாளத்துப் ‘பரேடு’ ஒலிப்பதைக் காதுள்ளவர் கேட்பர். சம்பளத்துக்கு வந்த தொழிலாளியைச் சிப்பாயைப்போல வரிசையில் குடிவைத்து, வரிசையில் நிறுத்தி எண்ணினர் என்ற வரலாற்றை இவ்விரு சொற்களும் சுமந்து நிற்கின்றன.

இவற்றினும் கொடிய சொல் ஒன்று உண்டு. 1942-இல் ஜப்பானியர் மலாயாவைப் பிடித்தபின் ‘ரோமுஷா’ என்ற சொல் இந்நாட்டுக்கு வந்தது. அதன் நேர்ப்பொருள் தொழிலாளி என்பதே. கூலி உண்டு, சில மாதத்தில் திரும்பலாம் என்ற பேச்சை நம்பியும், பின்னர்ப் பிடித்திழுக்கப்பட்டும் தோட்டத் தமிழர் பல்லாயிரவர் சயாமுக்கு அனுப்பப்பட்டனர். 1943 அக்டோபரில் முடிந்த 415 கிலோமீட்டர் ரயில் பாதையின் ஓரத்தில், காலராவிலும் பசியிலும் அவர்களுள் மிகப் பலர் மடிந்தனர். வேளைக்காரர் என்பது படைச் சொல். அதை வேலைக்காரர் என்று நாம் தவறாகப் படித்தோம். ரோமுஷா என்பதோ வேலைக்காரர் என்று பொருள்படும் சொல். அதன் உள்ளே படையின் கட்டளை ஒளிந்திருந்தது. முன்னதில் பிழைபட்டால் ஒரு பாட்டின் சுவை கெடும். பின்னதில் பிழைபட்டவர் திரும்பி வரவில்லை. சொல்லுக்குப் பொருள் கேட்கும் பழக்கம் புலவர்க்கு அணியாகலாம். எளியவர்க்கோ அது கவசம்.

இப்போது அப்பெரியவரின் வினாவுக்கு வருவோம். சாமியும் வேலைக்காரனாயிருந்தால் என்ன குறை என்றார் அவர். குறையொன்றும் இல்லை. உழைப்பவன் பெயரைத் தெய்வத்துக்கு இடுவது தெய்வத்துக்கு இழுக்கென்று கூறுவோர் உழைப்பை இகழ்பவரேயாவர். அந்த எண்ணத்தோடு ளகரத்தைத் திருத்த வருவாராயின் அவருடைய திருத்தம் எனக்கு வேண்டா. நான் லகரத்தை மறுப்பதற்குக் காரணம் வேறு. வேலைக்காரன் என்று அவர் தம்மைச் சொல்லிக்கொண்டபோது, பிறர் ஏவத் தாம் செய்பவர் என்ற பொருளே அச்சொல்லில் தங்கியிருந்தது. நாற்பதாண்டு பெரட்டு அச்சொல்லுக்கு ஏற்றிய பொருள் அது. வேளைக்காரன் என்ற சொல்லிலோ கூடிப் பேசுதல் உண்டு, உடன்படுதல் உண்டு, வாக்குக் கொடுத்தல் உண்டு, வேண்டும்போது மறுத்தலும் உண்டு. உழைப்பவனுக்கு அவன் இழந்த பொருளைத் திருப்பித் தருவது இரண்டாவது சொல்லே.

சில நாள் கழித்து இவற்றை என்னாலியன்ற எளிய நடையில் அவருக்கு எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். “அப்போ சொன்ன நேரத்துக்குத் தவறாம வந்து நிக்கிறவன்னு சொல்லுங்க” என்றார். “ஆமாம் தாத்தா, அதுவேதான்” என்றேன். “நானும் நாப்பது வருசமா சொன்ன நேரத்துக்குத்தான் வந்து நின்னேன். எனக்குச் சொன்னவங்கதான் வரல” என்று கூறி எழுந்து போனார். அகராதியில் இல்லாத விளக்கம் அது; ஆனால் அச்சொல்லின் முழுப்பொருளும் அதில் இருந்தது. வேளை என்பது இருபுறத்தாரையும் கட்டுவது. ஒருவன் மட்டும் வாக்குக் காக்க வேண்டும் என்றால் அது வேளையன்று, விலங்கு.

ஆகவே இரண்டு வேண்டுகோளோடு முடிக்கின்றேன். அடுத்த தைப்பூசத்துக்குப் பாட்டுத் தாள் அச்சிடும் அன்பர்கள் ‘திருவேளைக்காரன்’ என்று ளகரமிட்டு அச்சிடுவார்களாக. அடியில் ஒரு வரியில் அதன் பொருளையும் தருவார்களாக. இரண்டாவது, நம் வாசகசாலை இளைஞர்கள், தோட்டத்து முதியோர் இன்னும் நம்மிடையே இருக்கும்போதே அவர்கள் வாயிலுள்ள சொற்களைக் கேட்டு, எழுத்துப் பிழையின்றிக் குறித்து வைப்பார்களாக. லயம், பெரட்டு, தண்டல், கங்காணி, கிராணி என ஒவ்வொன்றும் நம்மை யார், எப்படி, எதற்காக நிறுத்தி வைத்தனர் என்பதன் சான்று. கல்லில் வெட்ட நமக்கு அரசனும் இல்லை, பொருளும் இல்லை. ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் போதும்.